நெய்யாந்திடலின் சொந்தக்காரர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சங்கீதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த நில அளவை அலுவலகத்தில் இப்போது சர்வேயராக இருக்கிற பெண். நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. அவளோடு ஒரு நாள்கூடச் சேர்ந்து வேலை பார்த்ததில்லை. ஆனாலும் பழைய கோப்பு எதிலாவது என் கையெழுத்து வந்துவிட்டால் போன் வந்துவிடும்.

"மேடம், நெய்யாந்திடல் ட்ரோன் சர்வே லிஸ்ட் வந்துடுச்சு. வீட்டு மனையெல்லாம் சரியா இருக்குது. நடுவுல இருக்குற பொது எடத்துக்கு மட்டும் சொந்தக்காரர் பேரு 'நில்'னு போட்டுருக்கு. யாரு மேடம் அது?"

"என்ன பேரு?"

"நில். அவ்ளோதான். அப்பா பேருகூட இல்ல."

இரண்டு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் புளிக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் சொந்தக்காரர் கட்டத்தில் ஒன்றுமில்லை என்பதை இங்கிலீஷில் 'நில்' என்று தட்டியிருக்கிறார். பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றுகிற கம்ப்யூட்டர் அதையும் ஒரு ஆளாக நினைத்துத் தமிழில் எழுதி வைத்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சிரிக்கிறீங்களா மேடம்?"

"சிரிக்காம என்ன பண்றது. அந்த ஊருக்கு இது ரெண்டாவது ஆளு."

போனில் சொல்லச் சொல்ல அவள், "இருங்க மேடம், இதெல்லாம் எழுதிக் குடுங்க, கோப்புல வச்சுக்கறேன்" என்றாள். கோப்பில் வைப்பதற்கு இது அறிக்கை இல்லை. இதில் என் பொய் ஒன்று இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதி வைக்காததால் வந்த வினைதானே எல்லாம்.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் போகும்போது வலது கைப்புறம் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஒரு மணல் மேடு வரும். அதுதான் நெய்யாந்திடல். நாற்பது சொச்சம் வீடு, ஒரு கிணறு, வலை பின்ன ஒரு பொது இடம், அதன் நடுவில் ஒரு பூவரச மரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மேற்கே வயல், கிழக்கே கடல். வயல்காரர்களுக்கு அது மீன் வருகிற திசை, அவ்வளவுதான். பெரிய மீனவ ஊர்க்காரர்கள் அதை ஓர் ஊராகவே எண்ண மாட்டார்கள். இப்போது டவுன் வளர்ந்து வளர்ந்து மேட்டின் அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது. மனைப்பிரிவுக் கொடிகளும் மாடி வீடுகளும் வந்தாயிற்று. பிள்ளைகளில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறார்கள், பாதிப் பேர் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள்.

நான் முதலில் அங்கே போனது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். சேர்ந்தது வரைவாளராக. கோடு நேராகப் போடுவேன் என்பதற்காக எடுத்தார்கள். ஒரு வருடம் மேசையில், ஒரு வருடம் பயிற்சியில், பிறகு ஆள் பற்றாக்குறையால் அளக்கிற செயினோடு வெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். நெல் விவசாயம் பார்க்கிற குடும்பத்துப் பெண் வரப்பில் நடப்பது வீட்டில் யாருக்கும் அதிசயமில்லை. அடுத்தவன் வரப்பில் செயின் இழுத்துக்கொண்டு நடப்பதுதான் என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது எங்கள் சூப்பிரண்டைப் பற்றி. மரைக்காயர் சார் என்றே எல்லோரும் சொல்வோம். முன்னோர்கள் கப்பல் ஓட்டியவர்கள், தம்பிகள் துபாயில் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, நிலத்தை அளப்பதிலேயே காலத்தைக் கழித்தார். செயின் பிடிக்கிற கலியபெருமாளையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவோம்.

அளவைப் புத்தகத்தைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். நாம் நிற்கிற கல் பக்கத்தின் அடியில் இருக்கும்; போகப் போக அளவுகள் மேலே ஏறும். இடது கைப்புறம் தென்படுவது இடது ஓரத்தில், வலது கைப்புறம் வருவது வலது ஓரத்தில். இது எல்லா ஊரிலும் உள்ள முறைதான். மரைக்காயர் சார் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார். கண்ணால் பார்த்ததும் கையால் அளந்ததும் பேனாவில். பிறர் சொல்லக் கேட்டது பென்சிலில். நேரில் போய்ச் சரிபார்த்த பிறகுதான் பென்சில் மேல் பேனா ஓடலாம். எந்த இயக்குநரும் போட்ட உத்தரவு அல்ல அது, அவராக வைத்துக்கொண்டது.

ஒரு தடவை ஒரு கிணற்றைப் பேனாவில் எழுதிவிட்டேன்.

"தண்ணி இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கும் சார்."

"இருக்கும்னா பென்சில். இருக்குதுன்னா பேனா."

மறுநாள் வேகாத வெயிலில் திரும்பப் போய்ப் பார்த்தேன். கிணறு தூர்ந்துபோய் அதற்குள்ளே ஒரு வாழை மரம் குலை தள்ளி நின்றது. அன்றிலிருந்து அலுவலகத்தில் யார் என்ன வதந்தி சொன்னாலும், "பேனாவா, பென்சிலா?" என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

நெய்யாந்திடலை அளக்கப் போனபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அஞ்சலை. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு நாற்பது வருடம் அங்கேயே இருந்தவள் மாதிரி.

"இந்த எடம் யாரு பேருல இருக்குது?" என்று கேட்டேன்.

"இது எங்க நெய்யான் எடம்க்கா. நாங்க எல்லாரும் அவரு வகையறாதான்."

"நெய்யான்னா?"

"என்னக்கா, சர்வேயருன்னு சொல்றீங்க, இது தெரியலங்கிறீங்க. ஒரு காலத்துல இங்க ஒண்ணுமே கெடையாதாம். அவருதான் மொதல்ல வந்து, இந்த மேட்டுல நெய் வெளக்கு ஏத்துனாராம். அத பாத்துத்தான் படகெல்லாம் கரை சேருமாம். அந்தா, கல்லா நிக்கிறாருல்ல."

கல்லின் தலையில் நெய்ப் பிசுக்கு இருந்தது. தை பிறந்ததும் ஒரு நாள் ஊரே கூடி அவருக்கு நெய் விட்டுப் பொங்கி வைப்பார்கள் என்றாள்.

அலுவலகத்தில் இருந்த பழைய தமிழ்ப் பதிவேட்டிலும் அதே பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே ஊர்க் கணக்குப்பிள்ளைக்காக யாரோ தமிழில் எடுத்த பிரதி அது. சொந்தக்காரர் என்ற கட்டத்தில், அழகான கொம்பும் சுழியுமாக, 'நெயான்'. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஊர் சொன்னதும் ஏடு சொன்னதும் ஒன்று. பேனாவில் எழுதினேன்: 'நெயான் வகையறாவின் நிலம். பிரெஞ்சு மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தது.'

ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த மூலப் பதிவேட்டை நாங்கள் கதாஸ்தர் என்போம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர். அது மாடியில் ஒரு அலமாரியில் இருந்தது. திறந்தால் தூசியில் எனக்கு இளைப்பு வரும். பிரெஞ்சும் படிக்கத் தெரியாது. இதெல்லாம்கூட இரண்டாம் காரணம்தான். அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மரைக்காயர் சார் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பக்கத்தைப் புரட்டினார். விரல் அந்த வரியில் நின்றது.

"நெயான் பேனாவுல இருக்காரே. கதாஸ்தர பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண் கறுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயிலில் அளந்தால் கறுக்காமல் என்ன செய்யும்.

இருபது வருடத்துக்கு மேல் அந்த வரியை நான் மறந்தே போனேன். ஊர்க்காரர்களால் மறக்க முடியவில்லை. யார் பட்டா கேட்டுப் போனாலும், நிலம் நெயான் பெயரில் இருக்கிறது, நீங்கள் அவர் வாரிசு என்று சான்று கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நெய்யானுக்கு யார் வாரிசுச் சான்று கொடுப்பது. ஓடு மாற்ற, சுவர் எழுப்ப, எதற்குப் போனாலும் அந்தப் பெயர் குறுக்கே நின்றது. அப்படியும் அவர்கள் அவரைக் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. தை பிறந்தால் நெய் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு சுனாமி வந்தது. நெய்யாந்திடலில் மேட்டின் இடுப்பளவு வரை தண்ணீர் வந்து நின்று திரும்பிப் போனது. கரையில் கிடந்த படகுகள் போயின, ஊர் பிழைத்தது. நெய்யான்தான் காப்பாற்றினார் என்று அவர்கள் சொன்னார்கள். கடலோரத்தில் தண்ணீர் ஏறாத மேடு என்று அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் கண்ணிலும் அது பட்டது.

சில வருடம் கழித்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. தன் கொள்ளுத்தாத்தா பெயர் 'நெயான் என்கிற நெய்யப்பன்' என்றார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறிப் போய்விட்டாராம்; போகும்போது நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சில குடும்பங்களை வைத்துவிட்டுப் போனாராம். ஒரு பழைய உயிலும் வைத்திருந்தார். தானே ஒரே வாரிசு, குடியிருப்பவர்களைக் காலி செய்து நிலத்தைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு. அவர் யார் பெயரால் வந்தார், பின்னால் எந்த மனை வியாபாரி இருந்தார் என்பதெல்லாம் நான் பென்சிலில்கூட எழுத மாட்டேன். ஆனால் அவர் மனுவோடு இணைத்திருந்த முதல் சாட்சி எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அளவைப் புத்தகத்தின் நகல். பிரெஞ்சு மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தது என்று என் கையெழுத்து.

விசாரணை அதிகாரி என்னிடமே அறிக்கை கேட்டார். நான்தான் அப்போது மூத்த சர்வேயர்.

அந்த வாரம் அஞ்சலை தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் மீன் விற்கிறவள், தலையில் கூடை இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சர்வேயரக்கா, எங்கள எழுப்பிடுவாங்களா?"

"விசாரணை இருக்குது அஞ்சல. பாப்போம்."

"அந்த ஆளு நெய்யானுக்குப் பேரன்ங்கிறாரே. எங்க நெய்யானுக்கு எங்கள விட்டா வேற வாரிசு இருந்தா ஒரு தைக்காச்சும் வந்திருக்க மாட்டாரா. இந்த மேட்ட விட்டா எங்களுக்கு வேற மேடு இல்லக்கா. தண்ணி வந்த அன்னிக்கு பாத்தீங்கள்ல."

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று பொய்யாகச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூசியது. மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அலமாரியைத் திறந்தேன்.

நெய்யாந்திடல் இருந்த பக்கத்தில் நடுவே கை நுழைகிற அளவுக்குக் கரையான் தின்றிருந்தது. அந்த மேட்டுக்கான வரிசையில் மண்வகை, பரப்பளவு இரண்டும் தெரிந்தன. பிறகு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நெயான் மாதிரித்தான் இருந்தது. அந்தப் பெரிய புத்தகத்தைச் சுமந்துபோக முடியாது. பக்கத்தை அப்படியே தாளில் வரைந்துகொண்டு, ஓட்டையையும் அளவோடு வரைந்து, மரைக்காயர் சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தது. கண்ணாடி தடித்திருந்தது, மற்றபடி மாற்றமில்லை.

தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பழைய பழக்கத்தில் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது ஆள் பேரு இல்லம்மா. பிரெஞ்சுல 'நெயான்'னா ஒண்ணுமில்ல. 'இல்லை'ன்னு அர்த்தம்."

கணக்குப்பிள்ளைக்குப் பிரதி எடுத்தவருக்குப் பிரெஞ்சு எழுத்து தெரிந்திருக்கிறது, பாஷை அரைகுறைதான். இல்லை என்பதைப் பெயராக எழுதிவிட்டார். கணக்கெடுக்க வந்தவர்கள் ஏட்டைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள். வெறும் திடல் நெயான் திடலாகி, நெயான் நெய்யானாகி, நெய் இருந்தால் விளக்கும் வேண்டுமே, விளக்கும் வந்து, கல்லும் வந்துவிட்டது.

"சார்," என்றேன், "அன்னிக்கு நான் கதாஸ்தர பாக்கல. பாத்தேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க மேல தூசி இல்ல. அந்த அலமாரியத் தொறந்தவங்க யாரும் தும்மாம கீழ வந்ததில்ல. எனக்கும் ஜும்மாவுக்கு நேரமாச்சு, நானும் எந்திரிச்சுப் போயி பாக்கல. உங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்குதும்மா. மறந்துட்டீங்களா?"

அழுதுவிட்டேன். அவர் அதைப் பார்க்காதவர் போலத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் என் பயத்தைச் சொன்னேன். இந்த உண்மையை எழுதினால் சைகோன்காரரின் கொள்ளுத்தாத்தா காணாமல் போவார், சரி. அவரோடு ஊரும் போகுமே. சொந்தக்காரர் இல்லை என்றால் அது அரசாங்கத்துப் புறம்போக்கு. நாற்பது வீடும் ஆக்கிரமிப்பு. எழுதாமல் விட்டால் அந்த ஆள் எடுத்துக்கொள்வார். எழுதினாலும் போச்சு, எழுதாவிட்டாலும் போச்சு.

"இல்லைங்கிறது சரி," என்றார். "எது இல்லை? அந்த வார்த்த எந்தக் கட்டத்துல உக்காந்திருக்குதுன்னு பாத்தீங்களா?"

ஒரு ஸ்கேலை எடுத்து மேல் வரிசைகளின் மேல் வைத்தார். மேலே இருந்தவை வயல்கள். அந்த வரிசைகளில் அதே கட்டத்தில் எண்கள் இருந்தன. எண் என்றால் கட்ட வேண்டிய நிலவரி. அதற்கு முந்தைய கட்டம்தான் சொந்தக்காரர். அது முழுக்கக் கரையான் வயிற்றுக்குள் போயிருந்தது. ஆக, இல்லாதது சொந்தக்காரர் அல்ல. மணல் மேட்டில் ஒன்றும் விளையாது என்பதால் வரி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப சொந்தக்காரர் கட்டத்துல என்ன இருந்துச்சு சார்?"

"அது பென்சில். பிரெஞ்சுக்காரன் எதையும் ரெண்டு எழுதுவான். இன்னொண்ணு புதுச்சேரிக்குப் போயிருக்கும். கரையான் அங்கயும் போயிருக்காம இருந்தா, இன்ஷா அல்லா, பேனா."

புதுச்சேரிக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போனேன். பழைய ஏடுகள் வைத்திருந்த அறையில் இரண்டு நாள். பட்டியலில் ஒரு எண், அலமாரியில் வேறு எண். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பூட்டப் போகிறோம் என்று அங்கிருந்தவர் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் கிடைத்தது. முழுப் பக்கம். ஒரு துளைகூட இல்லை. வரி என்ற கட்டத்தில் நெயான். அதற்கு முன்னால், சொந்தக்காரர் கட்டத்தில் இரண்டு சொல். என்னால் படிக்க முடியவில்லை. சாவிக்காரரிடமே காட்டிக் கேட்டேன். புதுச்சேரிக்காரருக்கு அவ்வளவு பிரெஞ்சு வந்தது.

"அங்க குடியிருக்கிறவங்கன்னு போட்டுருக்குதும்மா. ஊர்க் குடிகள்."

பிரதி எடுத்தவர் செய்தது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சொந்தக்காரர் என்றால் ஒரு பேர் வேண்டும். குடிகள் என்பது பேராக அவருக்குத் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் கை வரவில்லை. அடுத்த கட்டத்தில் பார்த்திருக்கிறார், பேர் போல ஒன்று இருந்தது, எடுத்து வைத்துவிட்டார். ஊர் முழுக்க இருந்த இடத்தில் ஒரு இல்லாத ஆளை உட்கார வைத்தார்.

விசாரணை அன்று ஊரே வந்திருந்தது. உள்ளே இடமில்லாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள். சைகோன்காரரின் வக்கீல் என் அளவைப் புத்தக நகலை என் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"மூலப் பதிவேட்டோட ஒப்பிட்டுப் பாத்ததா எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன். பாக்கல. அன்னிக்கு நான் எழுதுனது பொய். இப்ப பாத்தேன். ரெண்டு எடத்துலயும் பாத்தேன்."

என் காது சூடாக இருந்தது நினைவிருக்கிறது. வக்கீல், பொய் எழுதுகிற ஆளின் அறிக்கையை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னை நம்ப வேண்டாம், இதோ புதுச்சேரிப் பக்கத்தின் சான்றிட்ட நகல், இதை நம்புங்கள் என்று நீட்டினேன். அதிகாரி வெளியூர்க்காரர் என்பதால், பிரெஞ்சு தெரிந்த ஒருவரை வரவழைத்து இரண்டு பக்கங்களையும் படிக்க வைத்தார். பிறகு சைகோன்காரரிடம், "உங்க கொள்ளுத்தாத்தா பேரு 'வரி இல்லை'யா?" என்று கேட்டார். வராந்தாவில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சைகோன்காரர் அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை.

ஊர்க் குடிகள் என்று இருப்பதால் அவர்கள் யாருக்கும் வாரிசு என்று காட்ட வேண்டியதில்லை, குடியிருப்பதைக் காட்டினால் போதும் என்று உத்தரவு வந்தது. அது பட்டாவாக ஆக இன்னும் சில வருடம் பிடித்தது. பெண்கள் பெயரும் சேர்த்து வீட்டுக்கு ஒன்று. நடு இடமும் கிணறும் கல்லும் பொதுவில், 'நெய்யாந்திடல் குடிகள்' என்றே. எனக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவுக்கு எச்சரிக்கை என்று நாலு வரி. அதைப் பீரோவில் என் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் வேலைக் காலத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றில் முழுக்கப் பேனாவில் எழுதத் தகுந்தது அது ஒன்றுதான்.

உத்தரவு வந்த மறுநாள் நெய்யாந்திடலுக்குப் போனேன். அவர்களிடம் நெய்யானைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. பூவரச மரத்தடியில், கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏட்டில் இருந்தது பெயரே இல்லை, இல்லை என்ற சொல்தான், அப்படி ஒருவர் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை என்று சொல்லி முடித்தேன். அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டுல எங்க பேரே இருந்திருந்தா எங்க மாமனாரு காலத்துலயே எவனாச்சும் ஏமாத்தி எழுதி வாங்கிருப்பான். இல்லாத ஆளுகிட்ட யாருக்கா எழுதி வாங்குறது? இத்தன காலம் காவந்து பண்ணுனாருல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் அது சரிதானே என்றார்கள். அந்தத் தையிலும் நெய் ஊற்றினார்கள். எனக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். மரைக்காயர் சாரிடம் போய்ச் சொன்னபோது, தன் மார்க்கத்தில் கல்லுக்கு இடமில்லை, ஆனால் அந்த அம்மா சொன்ன வாதத்தில் பிழை காண முடியவில்லை என்றார். இரண்டு வருடம் கழித்து அவர் காலமானார். அவருடைய பென்சில்களில் ஒன்றை அவர் மகன் எனக்குக் கொடுத்தார்.

இப்போது 'நில்' விஷயத்துக்கு வருகிறேன். சங்கீதா போனில் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நான் எழுத உட்காரும் முன்பே அவள் கதாஸ்தர் நகலையும் உத்தரவையும் எடுத்துப் பார்த்துவிட்டிருந்தாள், என் மெமோவையும்தான். போன வெள்ளிக்கிழமை பட்டியலை ஊரில் ஒட்டி, ஆட்சேபம் கேட்கப் போகிறேன், வருகிறீர்களா என்றாள். போனேன்.

செயின் கிடையாது. மேலே பறந்து படம் பிடித்தாயிற்று. ஒவ்வொரு வீட்டு ஓடும் அதில் தெரிகிறது. மரத்தடியில் பட்டியலை ஒட்டினாள். பிள்ளைகள் அவரவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார்கள். அஞ்சலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிக்கு வந்தாள்.

"நில்லா? யாருக்கா இவரு? நெய்யானுக்குத் தம்பியா?"

சங்கீதா சிரித்துக்கொண்டே ஆட்சேப மனுவை அவளிடம் நீட்டினாள். பொது இடத்தின் பெயரைத் திருத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. பிறகு கையிலிருந்த சின்ன கம்ப்யூட்டரைத் திறந்து தட்டினாள். புருவம் சுருங்கியது.

"மேடம், குடிகள்னு போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. தனி ஆள் பேரு ஒண்ணு கேக்குது. காலியா விட்டாலும் அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது."

எனக்குச் சுரீரென்றது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து திணறிய அதே கட்டம். வாயைத் திறக்கப் போனேன். ஆனால் சங்கீதா என்னைப் பார்க்கவில்லை, அஞ்சலையைத்தான் பார்த்தாள்.

"அம்மா, இந்த எடத்துக்கு ஒரு ஆள் பேரு கேக்குது. யாரச் சொல்றது?"

"ஒரு ஆளுன்னு யாரும் இல்லம்மா," என்றாள் அஞ்சலை. பிறகு பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லன்னு மட்டும் எழுதிடாத."

சங்கீதா கம்ப்யூட்டரை மூடினாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் 'நில்' என்றிருந்ததை அடித்து, மேலே 'நெய்யாந்திடல் குடிகள், நேரில் பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரைத் திருத்துகிறவரைக்கும் இதுதான் ஏடு, அதைத் திருத்தச் சொல்லி நான் தினமும் மேலதிகாரி முன்னால் போய் உட்காருகிறேன் என்றாள். அவள் கையெழுத்துக்குக் கீழே ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தாள் போதவில்லை.